ஜாபைத் தட்டிவிட்டால் ஹூக் விழுகிறது: தடுப்பும் எதிரடியும் பற்றி விளக்கம் வேண்டும்

பதிவு 1
காசிமேடு 57 கிலோ

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. விடியற்காலையில் அப்பாவுக்கு உதவியாக மீன் ஏலத்துக்குப் போய்வந்து, மாலையில் குத்துச்சண்டை பயில்கிறேன். தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. 57 கிலோ பிரிவு. இடது காலை முன்வைத்து நிற்பவன். போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பேக் அடிப்பதிலும் பேட் அடிப்பதிலும் எங்கள் மாஸ்டர் குறை சொல்வதில்லை. ஸ்பாரிங்குக்கு (ஒருவரோடு ஒருவர் ஆடும் பயிற்சிச் சண்டைக்கு) ரிங்கில் ஏறினால்தான் சிக்கல்.

என்னுடன் ஸ்பாரிங் செய்பவர் என்னைவிட நான்கு விரல் உயரம். அவருடைய ஜாபை (முன்கையால் நேராக விடும் குத்தை) நான் வலது கையால் தட்டிவிடுகிறேன். தட்டிய மறுகணமே அவருடைய இடது ஹூக் (பக்கவாட்டில் சுற்றி வரும் குத்து) என் வலது காதோரம் விழுகிறது. குனிந்து தப்பலாம் என்றால் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) தாடையைத் தூக்குகிறது. சென்ற வாரம் நண்பன் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஜாபைச் சந்திக்க என் வலது கை தாடையை விட்டு ஒரு சாண் தூரம் முன்னே போகிறது. ஹூக் வரும் நேரத்தில் அந்தக் கை திரும்பி வரும் வழியில் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. தவறு எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் ரிங்கில் ஏறியதும் கை தன்னால் நீண்டுவிடுகிறது.

எந்த அடியை எப்படித் தடுப்பது, தடுத்த நிலையிலிருந்து எந்த அடியை எடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் படிப்பேன்.

பதிவு 2
பழைய வண்ணை வாத்தியார்

தம்பி, அடி விழுந்த இடத்தைப் பார்க்காமல், அடி விழுந்தபோது உங்கள் கை இருந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பல பேர் ஐந்து வருடம் ஆடியும் இதைப் பார்ப்பதில்லை. எனவே உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாப் உங்களைத் தேடித்தான் வருகிறது. உங்கள் கை அதைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. வலது உள்ளங்கை தாடைக்கு முன்னால் நான்கு விரற்கடை தள்ளி நிற்கட்டும். குத்து அங்கே வந்து சேரும் கணத்தில் மணிக்கட்டை மட்டும் உள்பக்கமாகச் சற்றுத் திருப்பினால், அந்தக் குத்து உங்கள் இடது தோளுக்கு மேலாக வழிந்து போய்விடும். வேகமாக வரும் குத்தைத் திசை மாற்ற வலிமை வேண்டாம், நேரம் தவறாமல் தொட்டால் போதும். உங்களுடன் ஆடுபவர் உங்கள் கை நீள்வதைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் போடுவது முழு ஜாபாகக்கூட இருக்காது. பாதி வரை நீட்டிக் காட்டி, உங்கள் வலது கை வெளியே வந்தவுடன் அதே கையை மடக்கி ஹூக்காகச் சுற்றிப் போடுகிறார். வீடியோவில் அவருடைய முழங்கை முழுவதும் நிமிர்கிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

தட்டிவிடுவதைவிடத் தொடக்கத்தில் எளிதானது, ஜாபை வலது உள்ளங்கையில் வாங்குவது. பந்து பிடிப்பதுபோல் அல்ல. கை தாடையருகே உறுதியாக நிற்க, குத்து வந்து அதில் மோதி நிற்க வேண்டும். வலது கை வாங்கும் அதே கணத்தில் உங்கள் இடது கை ஜாபைக் கொடுக்க வேண்டும். வாங்கி முடித்துவிட்டு நிதானமாகக் கொடுப்பவருக்கு எதிரில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். எதிராளி ஜாபை நீட்டியிருக்கும் அந்த அரை நொடியில் அவருடைய இடது கை முகத்தின் முன்னால் இல்லை, எடை முன்காலில் இருக்கிறது, அவரால் சட்டென்று பின்வாங்க முடியாது. நீங்கள் உயரம் குறைந்தவர் என்பதால், அவரே கையை நீட்டி உங்களிடம் வந்து சேரும் அந்த நேரத்தைத்தான் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஸ்லிப், அதாவது தலையைச் சற்று நகர்த்திக் குத்தைத் தவறவிடுவது. ஜாபுக்கு வெளிப்பக்கம் நகர்வது என்றால், உங்கள் வலப்பக்கமாகத் தலையையும் இடது தோளையும் சேர்த்துச் சற்றே திருப்புவது. குத்து காதுக்கு அருகில் உரசிப் போகும் அளவுக்கு நகர்ந்தால் போதும். அதற்கு மேல் நகர்ந்தால் அடிக்கும் தூரத்தை நீங்களே இழக்கிறீர்கள். இப்போது எடை உங்கள் வலது காலில் ஏறியிருக்கும், ஆகவே வலது கை தானாகவே தயாராக இருக்கும். அவருடைய இடது விலாவுக்கோ முகத்துக்கோ நேராக விடலாம். உள்பக்கம், அதாவது உங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அவருடைய ஜாபுக்கு மேலாக வலது கையைப் போட்டு அடிக்கும் அருமையான வாய்ப்பு கிடைக்கும். ஆனால் அங்கே அவருடைய வலது கை காத்துக்கொண்டிருக்கிறது. எனவே வெளிப்பக்கம் படியும் வரை உள்பக்கத்தைத் தொடாதீர்கள் என்றே என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

கிராஸ், அதாவது வலது நேர்க்குத்து வரும்போது இதுவே தலைகீழ். உங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அந்தக் கைக்கு வெளியே போய்விடுவீர்கள். எடை இடது காலில் இறங்கும். வலது கையை நீட்டியவருக்கு வலது விலா முழுவதும் திறந்திருக்கிறது, கல்லீரல் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அங்கே விழும் இடது ஹூக் சிறியதாக இருந்தாலும் போதும், கால்கள் அவர் பேச்சைக் கேட்காது. நான் ஒருமுறை அதை வாங்கியிருக்கிறேன். விழுந்தவுடன் வலி தெரியவில்லை. ஒரு மூச்சு கழித்துத்தான் வந்தது, அதற்குள் முழங்கால் தரையில் இருந்தது.

ஹூக்கைப் பற்றி ஒன்று மட்டும். கையை வெளியே நீட்டி அதைப் பிடிக்கப் போகாதீர்கள். தொலைபேசியைக் காதில் வைப்பதுபோல் கிளவுஸைக் காதோடு ஒட்டி, முழங்கை உள்ளே வரும்படி மடக்கிக்கொண்டால் அடி முன்னங்கையில் விழும். கிளவுஸுக்கும் தலைக்கும் இடையில் வெளி இருந்தால் உங்கள் கிளவுஸே உங்களை அடிக்கும். ஹூக் சுற்றி வரும் அடி என்பதால் உங்கள் நேர்க்குத்துக்கு அதைவிடக் குறைந்த தூரமே இருக்கிறது. தடுத்த அதே மூச்சில் மறு கை நடுவழியாகப் போகட்டும்.

பதிவு 3
வியாசை அக்கா

வாத்தியார் ஐயா அப்பர்கட்டை எனக்காக விட்டுவைத்தார் என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் அதிகம் அடிபட்டேன்.

தம்பி, நீங்கள் இடுப்பை மடக்கிக் குனிகிறீர்கள். இடுப்பில் குனிந்தால் கண் தரையைப் பார்க்கும், முகம் முன்னே போகும், அப்பர்கட்டுக்கு அதைவிட நல்ல இலக்கு கிடையாது. குனிய வேண்டியது முழங்காலில். முதுகு நிமிர்ந்து, கண் எதிராளியின் நெஞ்சை விட்டு விலகாமல், மாடிப்படியில் உட்காரப் போவதுபோல் இறங்கி மறுபக்கம் எழ வேண்டும். அவருடைய இடது ஹூக் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்றால், அதன் அடியில் இறங்கி வலப்பக்கமாகவே எழுந்தால் அவருடைய கைக்கு வெளியே வந்து நிற்பீர்கள், எடையும் வலது காலில் இருக்கும், முதல் அடி வலது கையால், தொடர்ந்து இடது ஹூக்.

இதைப் பழக ஒரு கயிறு போதும். உங்கள் வீட்டில் வலைக்கயிறுக்குப் பஞ்சம் இருக்காது. நாங்கள் ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்த் தூண் வரை நைலான் கயிறு ஒன்றைத் தோள் உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தோம். கார்டை (முகத்தைக் காக்க உயர்த்திய கைகளை) இறக்காமல், அடி அடியாக முன்னேறிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கயிற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இறங்கி எழ வேண்டும். முதல் நாள் என் தொடை நடுங்கியது. கயிறு என் பிடரியில் உரசிய இடத்தில் சிவந்து ஒரு கோடு விழுந்திருந்ததைப் பார்த்து, போதுமான அளவு இறங்கவில்லை என்பதற்கு அதுதான் கணக்கு என்றார் மாஸ்டர். அந்தக் கோடு விழாமல் மூன்று ரவுண்டு முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

அப்பர்கட் வந்தே விட்டால், கிளவுஸைக் கீழ்நோக்கி அழுத்தி அதைப் பிடிக்கப் போகாதீர்கள், தாடை திறந்துவிடும். முழங்கைகளை நெருக்கி, முன்னங்கைகள் இரண்டும் கதவுபோல் மூடியிருக்க, பின்காலை அரையடி தள்ளுங்கள். அப்பர்கட்டுக்கு நீளம் குறைவு, அரையடி பின்னால் போனவரை அது தொடாது. அதைவிட முக்கியமானது, அப்பர்கட் போடுபவர் அந்தக் கையைத் தாடையிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும் என்பது. 1971இல் முகமது அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் நடந்த முதல் சண்டைக்கு முன், ஃபிரேசியரின் பயிற்சிக் குழுவில் இருந்த எடி ஃபட்ச், அலி வலது அப்பர்கட் போடும்போது அந்தக் கை கீழே இறங்குவதைக் கவனித்து, அந்த நேரத்தில் இடது ஹூக்கைப் போடச் சொல்லிப் பழக்கினார். 15ஆம் ரவுண்டில் அலியைத் தரையில் வீழ்த்தியது ஃபிரேசியரின் இடது ஹூக்தான். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது ஹூக்கைப் பார்க்காதீர்கள், அலியின் வலது கையைப் பாருங்கள்.

பதிவு 4
எண்ணூர் கார்டு

மாறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்றரை வருடப் பயிற்சியில் இருப்பவருக்கு ஸ்லிப், இறங்கி எழுவது, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இத்தனையும் சொல்வது சரியா? நான் ஆறு வருடம் ஆடியவன். ஸ்லிப்பை நம்பித் தவறான பக்கம் நகர்ந்து, வந்த கிராஸை நானே போய் முகத்தில் வாங்கிய சண்டைகள் எனக்கு உண்டு. கைகள் இரண்டையும் உயர்த்தி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, கார்டுக்குள் இருந்துகொண்டு முன்னேறினால் நான்கு அடிகளில் மூன்று கையிலேயே விழும். யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. களைத்துப்போன மூன்றாவது ரவுண்டில் தலையை நகர்த்தும் திறமை எல்லாம் முதலில் போய்விடும், கார்டு மட்டும்தான் மிஞ்சும். முதலில் இந்தத் தம்பி ஆறு மாதம் கார்டில் நிற்கப் பழகட்டும் என்பது என் கருத்து.

பதிவு 5
பழைய வண்ணை வாத்தியார்

எண்ணூர் நண்பர் சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். களைத்த உடம்பில் மிஞ்சுவது கார்டுதான். தலையை நகர்த்துபவரும் நகர்ந்து முடிந்தவுடன் கார்டுக்குத்தான் திரும்ப வேண்டும். மறுபாதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஸ்பாரிங்கில் 16 அவுன்ஸ் கிளவுஸ் போடுகிறோம். அது தலையணைபோல் பெரியது, பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம். போட்டியில் 57 கிலோவுக்கு 10 அவுன்ஸ். அந்தச் சிறிய கிளவுஸ் உங்கள் இரண்டு கைகளுக்கு நடுவிலும், முழங்கைக்கும் விலாவுக்கும் இடையிலும் நுழைந்துவிடும். ஸ்பாரிங்கில் கார்டிலேயே பழகியவர்கள் போட்டியன்று முதல் ரவுண்டிலேயே திகைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலும் மூன்று ரவுண்டு, மும்மூன்று நிமிடம்தான் ஆட்டம். கார்டுக்குள் இருந்து வாங்கிக்கொண்டே இருப்பவர் ஒன்றும் பெரிதாக அடிபடாமல் தோற்றுவிட்டு இறங்குவார். நடுவர்கள் புள்ளி கொடுப்பது சென்று சேர்ந்த நல்ல அடிகளுக்கு.

நம் பகுதியில் 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று சுவரொட்டி அடித்து ஒட்டிய காலத்தில், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளும் அவற்றுக்கு வாத்தியார்களும் இருந்தார்கள். ஒரு பரம்பரைப் பிள்ளையை அவன் நிற்கும் நிலையிலேயே அடையாளம் சொல்லிவிடுவார்கள் என்று என் தந்தை சொல்வார். அவர் 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கைகளைத் தொங்கவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பிக்கத் தொடங்கினோம். அலியின் கண்ணும் காலும் நமக்கு இல்லை என்பது அடுத்த மாதமே பல மூக்குகளில் தெரிந்தது. நேர்ப்பின்னால் சாய்பவருக்கு முதல் குத்து தப்பும். முன்னேறி வரும் எதிராளியின் இரண்டாவது, மூன்றாவது குத்துக்குச் சாய இடம் இருக்காது. பின்வாங்குவதாக இருந்தால் சாயாமல், காலால் பின்வாங்க வேண்டும்.

எனவே தம்பிக்கு என் வரிசை இது: கார்டு, உள்ளங்கையில் வாங்குவது, வெளிப்பக்க ஸ்லிப். இம்மூன்றும் போட்டி வரை போதும். ஆறு மாதம் கார்டில் மட்டும் நின்றவருக்கு அடி வாங்குவது பழக்கமாகிவிடும், அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது கடினம்.

பதிவு 6
தண்டையார்பேட்டை இடதுகை

இழையில் சொன்ன பக்கங்கள் எல்லாம் எதிராளியும் வலது கைக்காரராக இருந்தால்தான் பொருந்தும் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. போட்டியில் என்னைப் போல வலது காலை முன்வைத்து நிற்பவர் எதிரே வந்தால், ஜாப் உங்கள் இடப்பக்கமாக வரும், கனமான குத்து உங்கள் வலப்பக்கமாக வரும். எங்களுக்கு எதிராகத் திணறுபவர்கள் பெரும்பாலும் வலது கையால் எங்கள் ஜாபைத் தேடுகிறார்கள். அதை உங்கள் முன்கையால், அதாவது இடது கையால் தட்ட வேண்டும். அப்போது வலது கை சும்மா இருக்கிறது; நடுவழியாக நேராக விடுங்கள், எங்களை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான்.

காலையும் கவனியுங்கள். உங்கள் இடது கால் என் வலது காலுக்கு வெளியே இருந்தால் உங்கள் வலது கைக்கு வழி திறந்திருக்கும், என் இடது கையிலிருந்து நீங்கள் விலகியும் இருப்பீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் நிலைமை எனக்குச் சாதகம். 2012 டிசம்பர் 8 அன்று எங்களைப் போல இடதுகைக்காரரான பாக்கியாவோ முன்னேறி உள்ளே வந்தபோது மார்க்வெஸ் ஆறாவது ரவுண்டில் போட்ட வலது கை அடியை இடதுகைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். பாக்கியாவோ தன் எடை முழுவதையும் சுமந்துகொண்டு முன்னால் வந்ததால், அந்த அடியின் கனத்தில் அவருடைய பங்கும் சேர்ந்துகொண்டது.

பதிவு 7
ராயபுரம் இயன்முறை

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவன். தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் காதோரத்திலும் தாடையிலும் திரும்பத் திரும்ப அடி விழுவதாகத் தம்பி எழுதியிருக்கிறார், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தம்பி, ஸ்பாரிங் முடிந்த அன்று இரவு தலைவலி, குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, தூக்கம் கெடுவது, சொன்னதை மறப்பது என்று எதுவும் உண்டா? இருந்தால் அது முழுமையாக நீங்கி, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஸ்பாரிங் கூடாது. வாந்தி, நினைவு தப்புவது, தலைவலி கூடிக்கொண்டே போவது இருந்தால் காத்திருக்காமல் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், இரவு எந்த நேரமானாலும். தலைக்கவசம் போட்டிருக்கிறோமே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அது தோல் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை அதிர்வதைத் தடுக்காது. தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் போட்டியும் கூடாது என்று அமெச்சூர் விதியே சொல்கிறது.

பதிவு 8
காசிமேடு 57 கிலோ

எல்லோருக்கும் நன்றி. ராயபுரம் அண்ணாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வீடியோ எடுத்த அன்று இரவு தலைவலி இருந்தது. வெயிலில் நின்றதால் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு அம்மாவிடமும் மாஸ்டரிடமும் சொன்னேன். மருத்துவரைப் பார்த்தேன், மூன்று வாரம் ஸ்பாரிங் வேண்டாம் என்றார். கடந்த வாரம்தான் மறுபடியும் அனுமதி கிடைத்தது.

அந்த மூன்று வாரமும் கயிறு கட்டி இறங்கி எழுந்தேன், அக்கா. படகில் கழித்துப்போட்ட நீலக் கயிறு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் கைப்பிடிச் சுவர்க் கம்பிக்கும் இடையில் கட்டினேன். நண்பன் மெதுவாக ஜாப் நீட்ட, உள்ளங்கையில் வாங்கவும் வெளிப்பக்கம் நகரவும் பழகினேன். இப்போது ஜாப் முகத்தில் விழுவது குறைந்திருக்கிறது. ஆனால் ஸ்லிப் செய்துவிட்டு அப்படியே நிற்கிறேன். அடிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் அவர் கையை இழுத்துக்கொண்டு கார்டுக்குள் போய்விடுகிறார். எதிரடியை எந்த நேரத்தில் தொடங்க வேண்டும்?

பதிவு 9
பழைய வண்ணை வாத்தியார்

தலைவலியைச் சொன்னதற்கு முதலில் என் பாராட்டு. இரண்டு மாதம் கழித்து வரும் போட்டி போனால் அடுத்த போட்டி வரும்.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் தப்புவதை ஒரு வேலையாகவும் அடிப்பதை வேறொரு வேலையாகவும் பழகியிருக்கிறீர்கள். ஸ்லிப் செய்யும்போது வலது காலில் எடை ஏறுகிறதா, அல்லது தலை மட்டும் சாய்கிறதா என்று பாருங்கள். தலை மட்டும் சாய்ந்தால் அடிக்க வேண்டிய கையில் சுமை ஏறியிருக்காது. மறுபடியும் எடையை ஏற்றி அடிப்பதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்விடுவார். வலது குதிகால் சற்று எழுந்து, முழங்கால் மடங்கி, இடுப்பு திரும்பியிருந்தால் ஸ்லிப்பே அடியின் முதல் பாதி ஆகிவிடும். தலை வலப்பக்கம் போகும்போது வில் வளைகிறது, அது நிமிரும்போது கை போகிறது. இடையில் யோசிக்க இடமே இல்லை.

எதிரடிக்கு நேரம் மூன்று. எதிராளி தொடங்கும்போதே முந்திக்கொள்வது, அவருடன் சேர்ந்து அடிப்பது, அவருடைய கை திரும்பும்போது அதன் பின்னாலேயே போவது. உங்களுக்கு இப்போது மூன்றாவதே போதும். குத்திய கை போன வேகத்தில் எல்லோருக்கும் திரும்புவதில்லை. பலருக்கு நேராகவும் திரும்புவதில்லை, வழியில் தாழ்ந்துவிடும். 1936இல் ஜோ லூயிஸ் தோல்வியே அறியாதவராக இருந்தார். அவருடைய சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த மாக்ஸ் ஷ்மெலிங், ஜாப் போட்டபின் லூயிஸின் இடது கை தாழ்வதைக் கண்டுபிடித்தார். ஜூன் 19 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் அந்தத் தாழ்ந்த கைக்கு மேலாக வலது கையைப் போட்டுக்கொண்டே இருந்து, 12ஆம் ரவுண்டில் லூயிஸை நாக் அவுட் செய்தார். 1938 ஜூன் 22 அன்று லூயிஸ் அதே எதிராளியை 124 நொடியில் முடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் வீடியோவில் உங்கள் கையைப் பார்த்தீர்கள். இனி அதே வீடியோவில் எதிரே இருப்பவருடைய கை எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். நண்பரிடம் ஜாப் மட்டும் போடச் சொல்லுங்கள், வேறு எந்த அடியும் வேண்டாம். நீங்கள் ஒரு ரவுண்டு முழுவதும் வெளிப்பக்கம் நகர்ந்து, வலது கையால் அவருடைய தோளை மட்டும் தொடுங்கள், குத்தாதீர்கள். அவருடைய கிளவுஸ் தாடைக்குத் திரும்புவதற்கு முன் உங்கள் கிளவுஸ் தோளைத் தொட்டால் ஒரு எண்ணிக்கை. கண் அவருடைய நெஞ்சில் இருக்கட்டும். கிளவுஸைப் பார்ப்பவருக்கு எப்போதும் தாமதமாகத்தான் தெரியும், நெஞ்சும் தோளும் முன்கூட்டியே அசையும். தொடுவது எளிதான பிறகு ஜாபோடு கிராஸையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிவு 10
வியாசை அக்கா

வாத்தியார் சொன்ன பயிற்சியில் ஒரு சேர்க்கை. அடித்த பிறகு அதே இடத்தில் நிற்காதீர்கள். நானும் அடி சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்று பலமுறை வாங்கியிருக்கிறேன். வலது கை விழுந்தவுடன் இடது முன்பாதத்தில் ஊன்றித் திரும்பி ஒரு பக்கம் விலகிவிடுங்கள், அல்லது நெருங்கித் தோளோடு தோள் ஒட்டிவிடுங்கள். நடுத்தூரத்தில் நிற்பதுதான் ஆபத்து.

பதிவு 11
காசிமேடு 57 கிலோ

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தோளைத் தொடும் பயிற்சியைத் தினமும் மூன்று ரவுண்டு செய்தோம். முதல் நாள் ஒரு ரவுண்டில் நான்கு முறைதான் தொட முடிந்தது. இப்போது எண்ணுவதை விட்டுவிட்டோம்.

நேற்று அதே உயரமான அண்ணாவுடன் ஸ்பாரிங். இரண்டாவது ரவுண்டில் அவர் அந்தப் பாதி ஜாபைக் காட்டினார். என் வலது கை துடித்தது, ஆனால் தாடையை விட்டுப் போகவில்லை. ஹூக் வந்து முன்னங்கை எலும்பில் விழுந்தது. அந்த அதிர்ச்சி முழங்கை வரை இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அதே நேரத்தில் என் இடது கை நேராகப் போய் அவருடைய மூக்கின் மேல் இருந்தது. நான் போட்டேன் என்பதே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது ரவுண்டில் அவர் கிராஸ் போட்டபோது இடப்பக்கம் நகர்ந்து விலாவில் இடது கையைப் போட்டேன். பாதி பலத்தில்தான் போட்டேன், ஆனாலும் அவர் 'ஹ்ம்' என்று மூச்சை விட்டு ஒரு அடி பின்னால் போனார். இறங்கிய பிறகு என் தலையைத் தட்டி, இனிமேல் முழங்கையை இறக்கிவைத்துத்தான் உன்னோடு ஆட வேண்டும் என்றார்.

இப்போது புதிய சிக்கல். அவர் தோளை மட்டும் அசைத்துக் காட்டுகிறார், குத்து வருவதில்லை; நான் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறேன். நகர்ந்த இடத்தில் குத்து காத்திருக்கிறது.

பதிவு 12
பழைய வண்ணை வாத்தியார்

உங்கள் எதிரடிக்கு அவர் அஞ்சத் தொடங்கியிருக்கிறார், அதனால்தான் ஏமாற்றிப் பார்க்கிறார். தோளைப் பார்த்தீர்கள், இனி முன்காலையும் சேர்த்துப் பாருங்கள். உண்மையான ஜாபுக்கு அவருடைய இடது கால் ஒரு விரலாவது முன்னே வழுக்கி வரும், எடை அதில் ஏறும். பொய்க் குத்துக்குத் தோள் மட்டும் அசையும். எடை வராத அசைவுக்கு நகராதீர்கள், கை தாடையில் இருக்கட்டும், அந்த நேரத்தில் நீங்களே ஒரு ஜாபை விடுங்கள். பொய்க் குத்துக் காட்டும் கணத்தில் அவரும் அடிக்கத் தயாராக இல்லை. மூன்று முறை அப்படி ஜாப் விழுந்தால் காட்டுவதைக் குறைத்துக்கொள்வார். நகர்ந்தே ஆக வேண்டிய குத்துக்கும் ஒரே பக்கம் நகராமல், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை உள்ளங்கையில் வாங்குவது, ஒருமுறை அரையடி பின்னால் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஸ்பாரிங் வீடியோவை அனுப்புங்கள், அவருடைய காலைச் சேர்ந்தே பார்ப்போம்.